மின்சுழலியா, மின்சுழல்மூட்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கூலாயிலிருந்து எழுதுகிறேன். பாசிர் கூடாங்கில் கப்பல் மின்வேலை பார்த்தவன். இப்போது செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஓய்வில் இருக்கிறேன். கடலில் நிற்கும் எண்ணெய்க் கப்பலின் எலக்ட்ரிக்கல் ஸ்விவலுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் நடந்த பேச்சு மின்சுழலி, நழுவு வளையம், மின்குடுமி என்று மூன்று சொற்களில் வந்து நிற்கிறது. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. காரணம் சொல்லுமுன் பொருளைக் காட்டிவிடுகிறேன்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் தாத்தா ஒரு பசு வைத்திருந்தார். முளையடித்துக் கட்டினால் அது முளையைச் சுற்றிச் சுற்றியே மேயும். பொழுது சாய்வதற்குள் கயிறு முறுக்கேறிக் குட்டையாகி, தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு நிற்கும். தாத்தா கயிற்றுக்கு நடுவே இரும்பில் ஒரு சுத்து வளையம் போட்டார். மாடு எத்தனை சுற்று சுற்றினாலும் அதன்பிறகு கயிறு முறுக்கிக்கொள்ளவில்லை.

அந்த மாடுதான் இந்தக் கப்பல். டர்ரட் என்கிற பெரிய உருளையைக் கடலடி நங்கூரச் சங்கிலிகள் பிடித்திருக்கும், அது திரும்பாது. காற்றும் அலையும் நீரோட்டமும் தள்ளுகிற பக்கம் கப்பல்தான் அதைச் சுற்றித் திரும்பும். சபா கடலில் 2007இல் உற்பத்தி தொடங்கிய கிக்கே எண்ணெய் வயலில், ஏறக்குறைய 1,300 மீட்டர் ஆழத்துக்கு மேலே, கப்பல் இப்படித்தான் கட்டுண்டு நிற்கிறது.

மாட்டுக்கயிற்றில் இழுவிசை மட்டும்தான் போகும். தாத்தாவின் சுத்து வளையம் இருந்த இடத்தில்தான் இங்கே ஸ்விவல்; அதில் மின்சாரம் போக வேண்டும். கடலடி பம்புக்கு 11,000 வோல்ட், சமயத்தில் அதற்கு மேலும். கூடவே வால்வுகளுக்கான சமிக்ஞை, ஒளியிழை எல்லாம். நடுத்தண்டில் செம்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே காப்புப் பொருள் வைத்திருப்பார்கள். இந்தப் பகுதி டர்ரட்டோடு அசையாமல் நிற்கும். கப்பலோடு திரும்பும் வெளிக்கூட்டில் உள்ள பிரஷ்கள், அதாவது மின்சாரம் கடத்தும் தொடுகட்டைகள், வளையங்களை அழுத்திக்கொண்டே போகும். பக்கத்திலேயே எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் இருப்பதால் உள்ளே ஒரு தீப்பொறி வந்தாலும் வெளியே தாவக்கூடாது. கூட்டை அதற்கென்றே கெட்டியாகச் செய்வார்கள்.

வடிவமைப்பவருக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஜெனரேட்டர் மாதிரி இது ஓயாமல் சுற்றுவதில்லை. நாள்கணக்கில் ஒரே பக்கம் பார்த்து நின்று, இரண்டு மூன்று பாகை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடும். பிரஷ் அதே இடத்தையே தேய்த்துத் தேய்த்துத் தூளைச் சேர்க்கும். தூள் காப்பின்மேல் படிந்தால் மின்சாரம் குறுக்கு வழி பார்க்கும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘சுழலி’ என்றால் டர்பைன் என்று பலரும் எழுதிப் பழகிவிட்டார்கள். ‘மின்சுழலி’ என்றால் நம்மவர் காற்றாலையைத்தான் நினைப்பார்கள். ‘நழுவு வளையம்’ ஸ்லிப் ரிங்குக்குப் பாடநூலில் இருக்கிற சொல். உள்ளே இருக்கும் வளையத்துக்கு அது இருக்கட்டும், முழுக் கருவிக்கு வேண்டாம். எனக்கு அந்த ‘நழுவு’ம் உறுத்துகிறது: பிரஷ் நழுவினால் வேலை போச்சு! ‘குடுமி’ அழகான பழைய சொல், கதவு அதில்தான் திரும்பும். ஆனால் பட்டறையில் “மின்குடுமியைக் கழற்று” என்று சொல்லிப் பாருங்கள், யார் தலையில் கை வைப்பார்கள் என்று தெரியும்.

என் சொல் மின்சுழல்மூட்டு. பந்து கிண்ண மூட்டு பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். மூட்டு என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தும் வைக்கும், அசையவும் விடும். அதே அடுக்கில் எண்ணெய் போகும் பகுதி பாய்மச் சுழல்மூட்டு, ஒளியிழைக்கானது ஒளிச் சுழல்மூட்டு என்று குடும்பமே அமைந்துவிடும்.

*

தம்பி, நல்லது. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருசம் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன் சும்மா இருக்க முடியுமா? நன்னூல்படி லகரத்துக்குப் பின் மெல்லினம் வந்தால் னகரமாகும். ‘சுழன்மூட்டு’ என்றல்லவா வரவேண்டும்? இன்னொன்று, டர்ரட்டுக்குச் ‘சுழல்கோபுரம்’ என்று யாரோ கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறார்களே, அது சரியா?

*

ஐயா, வணக்கம். விதி நீங்கள் சொல்வதுதான். ஆனால் ‘சுழன்’ என்று எழுதினால் படிக்கிற பையனுக்குச் ‘சுழல்’ கண்ணில் படாமல் போய்விடும். கலைச்சொல்லில் பிரித்தே எழுதுவோமே, மன்னியுங்கள்.

சுழல்கோபுரம் தலைகீழ். அங்கே சுழலாமல் நிற்பதே அது ஒன்றுதான். தாத்தாவின் மாட்டைக் கேட்டால் அது ‘முளை’ என்றுதான் சொல்லும். நங்கூரமுளை என்று போடலாமா?