நோய்க் கண்காணிப்புப் பணிக்கு நேர்காணல்: பேனல் எதற்கு மதிப்பெண் போடும்?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். அரசுப் பொது சுகாதார அமைப்பு ஒன்றின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் எபிடெமியாலஜிஸ்ட் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராய்பவர்) வேலைக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. மூன்று பேர் பேனல் (நேர்காணல் குழு), 45 நிமிடம், 6 கேள்விகள், அதற்கு முன்னால் 30 நிமிட எழுத்துப் பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள். இதுவரை நான் பார்த்தது மருத்துவமனையில் டேட்டா வேலைதான். தனியார் நேர்காணல் மாதிரி பேச்சுவாக்கில் போய்விடுமா? பாட விஷயத்தில் எவ்வளவு ஆழமாகக் கேட்பார்கள்?

கதிர்மணி

பேச்சுவாக்கில் போகாது. கேள்வி எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்றால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு கேள்விக்கும் என்னென்ன வர வேண்டும் என்று எழுதி வைத்த தாள் பேனலிடம் இருக்கும். வாயால் சொன்னதற்கு மட்டுமே மதிப்பெண். "அதுதான் விண்ணப்பத்திலேயே இருக்கிறதே" என்று விட்டுவிட்டால் அந்த மதிப்பெண் போய்விடும். அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள், தலையாட்டக்கூட மாட்டார்கள். பதில் பிடிக்கவில்லை என்று நினைத்துப் பதறாதீர்கள். துருவிக் கேட்பதும் குறைவு, அதனால் பாதியில் விட்ட பதில் பாதியாகவே நிற்கும்.

வணக்கம், அறிமுகம், கடைசியில் நீங்கள் கேட்கும் கேள்விகள் இவற்றைக் கழித்தால் ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம்கூடக் கிடைக்காது. நான்கு நிமிடப் பதிலாகத் தயார் செய்யுங்கள். ஒரே கேள்விக்குள் மூன்று கேள்வி ஒளிந்திருக்கும்: என்ன சிக்கல், யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டீர்கள், என்ன ஆயிற்று. காகிதத்தில் குறித்துக்கொண்டு, பதில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் 'நாங்கள்'. "நாங்கள் தடுப்பூசிப் பதிவேட்டைச் சீர்படுத்தினோம்" என்றால் உங்கள் பங்கு என்ன என்று அவர்களால் எழுத முடியாது. "ஒரே குழந்தை இரண்டு முறை பதிவாகியிருந்தது. பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் வைத்துப் பொருத்தும் நிரலை நான் எழுதினேன். சந்தேகமானவற்றைப் பிரித்து, கையால் சரிபார்க்கச் செவிலியர்களிடம் கொடுத்தேன்." இப்படிச் சொன்னால் எழுதுவார்கள்.

நோய்த்தடம்

அவுட்பிரேக் (திடீர் நோய்ப் பரவல்) கேள்வி ஒன்று கட்டாயம் வரும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். "ஒரு விருந்துக்குப் போன 120 பேரில் 54 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. என்ன செய்வீர்கள்?"

எடுத்த எடுப்பில் "உணவு மாதிரி எடுப்பேன்" என்று பாய்வதுதான் பெரிய தவறு. முதலில் நோய் இதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து, இது உண்மையிலேயே வழக்கத்தை மீறிய எண்ணிக்கையா? ஆய்வகம் புதுப் பரிசோதனைக்கு மாறினாலோ, புகார் பெறும் முறை மாறினாலோ எண்ணிக்கை மட்டும் எகிறும். பிறகு கேஸ் டெஃபினிஷன், அதாவது யாரை நோயாளியாக எண்ணுவது என்ற வரையறை: என்ன அறிகுறி, யாருக்கு, எங்கே, எந்தத் தேதிக்குள். அதன்பின் லைன் லிஸ்ட் (ஆளுக்கு ஒரு வரியாக நோயாளிகள் பட்டியல்), எபி கர்வ் (எப்போது எத்தனை பேருக்கு நோய் தொடங்கியது என்ற வரைபடம்). ஒரே சிகரமாக ஏறி இறங்கினால் பொது மூலம் (எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது). நோயரும்பு காலத்துக்கு (தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை ஆகும் காலம்) ஒருமுறை அலை அலையாக வந்தால் ஆளுக்கு ஆள் பரவல். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி என்றால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் விடும் நச்சை நினைக்க வேண்டும். 12 முதல் 48 மணி நேரம் என்றால் நோரோவைரஸ்.

கணக்கும் கேட்கலாம். ஒரு பதார்த்தத்தைச் சாப்பிட்ட 80 பேரில் 48 பேருக்கு நோய்: அட்டாக் ரேட் (நோய் வந்தவர்களின் விகிதம்) 60%. சாப்பிடாத 40 பேரில் 6 பேர்: 15%. ரிலேட்டிவ் ரிஸ்க், அதாவது சாப்பிட்டவர்களுக்கு எத்தனை மடங்கு ஆபத்து என்பது, 4. இதோடு நிறுத்தாதீர்கள். சாப்பிடாத 6 பேருக்கு எப்படி வந்தது? கரண்டி வழியாக வேறு பதார்த்தத்துக்குப் பரவியிருக்கலாம், சாப்பிட்டதை மறந்திருக்கலாம், வீட்டில் இன்னொருவரிடமிருந்து தொற்றியிருக்கலாம். ஆள் புரிந்து பேசுகிறாரா, மனப்பாடமா என்பது இந்த ஆறு பேரில்தான் தெரிந்துவிடும். வந்தவர்களின் முழுப் பட்டியல் இருப்பதால்தான் கோஹார்ட் ஆய்வு (சாப்பிட்டவர், சாப்பிடாதவர் எல்லோரிடமும் நோய் விகிதத்தை ஒப்பிடுவது) செய்ய முடிகிறது. பட்டியல் இல்லையென்றால் கேஸ் கண்ட்ரோல் (நோய் வந்தவர்களையும் வராத சிலரையும் எடுத்து என்ன சாப்பிட்டார்கள் என்று ஒப்பிடும் ஆய்வு), அதற்கான அளவு ஆட்ஸ் ரேஷியோ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டு நடவடிக்கையைக் கடைசிப் படியாகச் சொல்லிவிடாதீர்கள். மிச்ச உணவை நிறுத்திவைப்பது, நோய் கண்ட சமையலாளை விலக்கிவைப்பது எல்லாம் ஆய்வு முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

தரவுக்காரி

எழுத்துப் பயிற்சி பற்றி. வாரவாரியான நோய் எண்ணிக்கை அட்டவணை ஒன்றைக் கொடுத்து, துறை சாராத மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வது வழக்கமான வகை. கடைசி இரண்டு வாரம் எண்ணிக்கை இறங்கியிருக்கும். உடனே "நோய் குறைகிறது" என்று எழுதிவிடுவார்கள். அறிக்கைகள் தாமதமாக வருவதால் கடைசி வாரங்கள் எப்போதும் குறைவாகவே தெரியும். இன்னொன்று, வெறும் எண்ணிக்கையை வைத்துப் பெரிய பகுதியையும் சிறிய பகுதியையும் ஒப்பிடுவது. லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள். 2 பேர் 4 பேரானால் "100% உயர்வு" என்று எழுதாதீர்கள்.

பரிசோதனை பற்றிய கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 1% பேருக்கு நோய், சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவர்களில் பாசிட்டிவ் காட்டும் பங்கு) 90%, ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவர்களில் நெகட்டிவ் காட்டும் பங்கு) 95%. உண்மையான பாசிட்டிவ் 90, பொய்யான பாசிட்டிவ் 495. பாசிட்டிவ் வந்தவர்களில் நோயுள்ளவர் சுமார் 15% மட்டுமே.

முடிவை முதல் வரியில் வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை எண்களைச் சரிபார்க்க மட்டும் ஒதுக்குங்கள்.

இளவேனில்

மிக்க நன்றி. களத்தில் அவுட்பிரேக் பார்த்த அனுபவம் இல்லை, அதை எப்படிச் சொல்வது? பத்திரிகையாளர் போன் செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால்?

கதிர்மணி

"நேரடி அனுபவம் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, "இப்படிச் செய்வேன்" என்று படிகளுக்குப் போய்விடுங்கள். மழுப்பினால்தான் கெடும். மருத்துவமனையில் தொற்று எண்ணிக்கை திடீரென ஏறியதைக் கவனித்துச் சொல்லியிருந்தால் அதுவே நல்ல உதாரணம்.

பத்திரிகையாளர் கேள்விக்கு முதல் பதில்: எனக்குப் பேச அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் பெயர், கேள்வி, அவர்கள் கெடு நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு தகவல் தொடர்புப் பிரிவுக்கு அனுப்புவேன். அந்தப் பிரிவுக்குச் செய்தி தயாரித்துக் கொடுப்பதாக இருந்தால்: உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, நாம் செய்துகொண்டிருப்பது, மக்கள் செய்ய வேண்டியது, அடுத்த தகவல் எப்போது. தெரியாததை விட்டுவிட்டுச் சொன்னால் அந்தக் கேள்வியில் பாதி மதிப்பெண்தான் தேறும்.