நெஞ்சில் தட்டுவது ஒருமுறையா, மூன்றுமுறையா?

கேள்வி (முழங்காவில்):
மடுத் திருத்தலத்தில் கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டின் பாவ அறிக்கை மன்றாட்டில், ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்னும்போது அம்மம்மா மூன்றுமுறை நெஞ்சில் தட்ட, பக்கத்து இளையவர்கள் கைகட்டி நின்றார்கள். எது முறை?

மறுமொழி 1:
தட்டுவதே முறை, தங்கச்சி. லூக்கா நற்செய்தி 18:13இல், வானத்தை அண்ணாந்து பார்க்கவும் துணியாத வரிதண்டுபவர் மார்பில் அடித்துக்கொண்டு மன்றாடுகிறார். பாவம் உள்ளத்தில் பிறப்பதால் கையும் அங்கேதான் போகிறது. இன்றைய திருப்பலி நூல் எண்ணிக்கை குறிக்கவில்லை. மூன்றுமுறை என்பது பழைய இலத்தீன் திருப்பலியின் வழக்கம்.

மறுமொழி 2:
ஓசை கேட்கத் தட்ட வேண்டியதில்லை, அண்ணா. பண்டைய ஆயர் புனித அகுஸ்தீனாரின் சபை மக்கள் ‘அறிக்கையிடுகிறேன்’ என்ற சொல்லைக் கேட்டதுமே, அது இறைபுகழ்ச்சியைக் குறித்த இடத்திலும், மார்பில் தட்டியதால், அவர் மறையுரையிலேயே விளக்க வேண்டியதாயிற்று.

கேட்டவர்:
நன்றி. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்தார்.