தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் ஜாடி: இசையா, இரைச்சலா?

கருந்தட்டு:
தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் 1966ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை, "ஜாடிச் சத்தம் கெடுத்த தட்டு" என்று நண்பர் கிதார்நேசன் நேற்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அமெரிக்காவில் டெக்சஸின் ஆஸ்டின் நகரத்து ராக் இசைக்குழு அது. அதில் டாமி ஹால் ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்து, தன் குரலையே உள்ளே செலுத்தி எழுப்பிய அந்தக் குமுறும் ஒலி இல்லையென்றால், அந்த ஆல்பம் அக்காலத்துக் கராஜ் ராக் என்னும் மெருகேறாத முரட்டு ராக் தட்டுகளோடு தட்டாக மறைந்துபோயிருக்கும்.

கிதார்நேசன்:
சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ராக்கி எரிக்சனின் குரலும் ஸ்டேசி சதர்லண்டின் கிதாரும் தாங்கி நிற்கும் பாடல்களின் மேல் சுருதி சேராத ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹால் பாடல் வரிகள் எழுதியவர். அந்த மதிப்பு உண்டு. வாத்தியக்காரர் என்று ஏற்கமாட்டேன்.

கருந்தட்டு:
முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 'யூ ஆர் கானா மிஸ் மீ' பாடலை எரிக்சன் 1965இல் தி ஸ்பேட்ஸ் குழுவோடு ஜாடியின்றிப் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எலிவேட்டர்ஸ் பதிவில், தொடக்கக் கிதார் வீச்சுக்குப் பின்னாலேயே ஜாடி படபடக்கத் தொடங்கி, எரிக்சனின் அலறலுக்கு அடியில் ஒரு பதற்றத்தை விரித்துவைக்கிறது. அந்தப் பதற்றம்தான் சைக்கடெலிக், அதாவது மனமயக்க இசை.

கிதார்நேசன்:
வேறுபாடு ஜான் ஐக் வால்டனின் டிரம்ஸால் வந்தது. ஜாடியால் அல்ல.

வானொலிப்பிரியை:
யாரும் அறியாத பொக்கிஷம் போல இருவரும் பேசுகிறீர்கள். அந்தப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பாடல் தரவரிசைப் பட்டியலில் 55ஆம் இடம்வரை ஏறியது. அக்காலத்துக் கராஜ் ராக் பாடல்களைத் திரட்டி 1972இல் வெளிவந்த 'நக்கெட்ஸ்' தொகுப்பிலும் இருக்கிறது.

கருந்தட்டு:
ஒரு பாடல் பட்டியலில் ஏறிவிட்டால் ஆல்பம் முழுவதும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிடுமா, அம்மணி? பீட்டில்ஸ் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பட்டியல் எண்ணைக் கொண்டுவந்து பேச்சைத் திசைதிருப்பினீர்கள். ஜாடிக்கு வருவோம்.

வானொலிப்பிரியை:
பீட்டில்ஸ் விவாதத்தில் என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிதார்நேசன்:
பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது இவருக்கு வழக்கம். சதர்லண்டின் கிதாரை மட்டும் தனியே கேட்க ஒரு பதிவு கிடைத்தால், இந்தத் தட்டின் அருமை அப்போதுதான் தெரியும்.

கருந்தட்டு:
ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ரோலர் கோஸ்டர்' பாடலை இன்றிரவு ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வாருங்கள். அதில் ஜாடியை இரைச்சல் என்று உங்களால் சொல்ல முடிந்தால், உங்களோடு கிதாரைப் பற்றியும் எனக்குப் பேச்சில்லை.

கிதார்நேசன்:
கேட்டாயிற்று. இரைச்சல்தான்.