வாழ்த்துகளுக்கு நன்றி, ஆனால் அந்த 63 மணித்தியாலம் பற்றி

அன்புள்ள உறவுகளுக்கு,

வியாழன் இரவு நான் தொண்டுக்காகக் கம்பனி மேடையில் பாராட்டு வாங்கும் படத்தை என் மருமகள் நம் மட்டக்களப்பு ஊர்ச் சங்கக் குழுவில் போட்டதில் இருந்து இன்று காலை வரை 41 வாழ்த்து மடல்கள் வந்திருக்கின்றன. ஒஸ்லோவில் இருந்து ஒரு வெண்பாவும் வந்தது. தளை இரண்டு இடத்தில் தட்டுகிறது, அன்பு தட்டவில்லை. எல்லாருக்கும் தனித்தனியே பதில் எழுதக் கை வராது. அதோடு, எழுதியவர்களில் பாதிப்பேர் எனக்கு ஏதோ அரசாங்க விருது கிடைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பொருளாளர் மடல் எழுதினால் எதற்கு என்று தெரிந்தவர்கள் நேரே கடைசிப் பந்திகளுக்குப் போகலாம்.

நான் 24 வருடம் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிய கம்பனி, ஒவ்வொரு டிசம்பர் தொடக்கத்திலும் ஓர் இரவுச் சாப்பாடு வைக்கிறது. டிசம்பர் 5ஆம் திகதியைத் தொண்டர்களுக்கான நாளாக ஐ.நா. சபை 1985இல் அறிவித்ததே, அதை ஒட்டி. வேலையில் இருப்பவர்களும் இளைப்பாறியவர்களும், சம்பளம் வாங்காமல் ஊருக்குச் செய்த வேலையை மணித்தியாலக் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். வருடத்தில் 50 மணித்தியாலம் தாண்டினால் பெயரைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கட்டியைக் கையில் தருவார்கள். அது போகட்டும். நீங்கள் தொண்டு செய்த இடத்துக்கு உங்கள் பெயரில் கம்பனி 500 டொலர் அனுப்பும், அதுதான் விஷயம். வட அமெரிக்காவில் பல பெரிய கம்பனிகளில் இந்த வழக்கம் உண்டு. ஆள் நேரத்தைக் கொடுத்தால் கம்பனி காசைக் கொடுக்கும்.

என் கணக்கு 63 மணித்தியாலம். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுக்குப் பக்கத்து உணவு வங்கியில் தகரப் பேணிகளின் காலாவதித் திகதி பார்த்து அடுக்கியது. களஞ்சியக்காரனுக்கு அதைத் தொண்டு என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. பழக்க தோஷம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே வருடத்தில் நம் வாசிகசாலைக் கூரைக்காக நான் ஓடியதையும் கணக்கில் சேர்த்துத்தான் முதலில் எழுதியிருந்தேன். ஊரில் பிரதேச செயலகம் திறக்கும் நேரம் பார்த்து இங்கே இரவு 11 மணிக்குப் பிறகு தொலைபேசி எடுத்தது, ஓடு விலை கேட்டது, மரக்காலைக்காரருடன் மல்லுக் கட்டியது, ரசீது சேர்த்தது எல்லாமாக 118 மணித்தியாலம். படிவம் திரும்பி வந்துவிட்டது. கனடா வருமானத் திணைக்களத்தில் பதிந்த அறநிறுவனமாக இருக்க வேண்டுமாம். பதிவு இலக்கம் என்ன, மேற்பார்வையாளர் யார்? நம் சங்கத்துக்கு இருப்பது ஒரு வங்கிக் கணக்கும் ஒரு ரப்பர் முத்திரையும். முத்திரையும் தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில் எந்தப் பெட்டிக்குள் என்று அவருக்கே தெரியாது. மேற்பார்வையாளர் என்ற கட்டத்தில் கண்ணகி அம்மன் என்று எழுதிவிடட்டா என்று மனைவியைக் கேட்டேன். கையெழுத்துக்கு அம்மன் வரமாட்டா என்றாள்.

கம்பனியில் பிழை இல்லை. காசு கொடுப்பவன் எங்கே கொடுக்கிறேன் என்று பார்க்கத்தான் செய்வான். ஆனால் 118 மணித்தியாலத்தை அழித்துவிட்டு 63க்கு மேடை ஏறினேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், மனைவிக்குத் துணையாக வந்த ஒரு கிழவர். பஃபலோவில் தொலைபேசிக் கம்பம் ஏறி இளைப்பாறியவர். அமெரிக்கத் தொலைபேசி ஊழியர்களுக்கு ‘பயனியர்ஸ்’ என்று ஒரு சங்கம் உண்டு. 1911இல் பொஸ்டனில் தொடங்கியது. அலெக்சாந்தர் கிரகாம் பெல்லும் அதில் உறுப்பினர். முதலில் அது பழைய வேலையாட்கள் கூடிப் பழங்கதை பேசும் சங்கம்தானாம். ஊர்த்தொண்டு பிறகு வந்து சேர்ந்தது. கண் தெரியாதவர்களுக்கு நூலகம் இரவல் கொடுக்கும் பேசும் புத்தகக் கருவிகள் பழுதானால், இந்த இளைப்பாறியவர்கள் கூலி வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள். 1964இல் கொலராடோவில் ஒரு தொலைபேசிப் பொறியாளர் பந்துக்குள் ஒலிக்கருவி வைத்து, கண் தெரியாத பிள்ளைகள் சத்தத்தைக் கேட்டே அடிக்கும் பந்து செய்தார். அந்த ஆட்டம் இன்றைக்கும் நடக்கிறது. கிழவர் இதைச் சொல்லிக்கொண்டே முள்ளுக்கரண்டியின் பின்பக்கத்தால் மேசைத் துணியில் கீறிக் காட்டினார். கருவிக்குள் ரப்பர் நாடா இந்தச் சில்லில் இருந்து அந்தச் சில்லுக்கு இப்படி ஓடும், எப்போதும் இந்த மூலையில்தான் அறும் என்று. வெள்ளைத் துணியில் அந்தக் கோடு சாப்பாடு முடியும் வரை அழியாமல் கிடந்தது.

பிறகு என்னைக் கேட்டார், உங்கள் ஊர்ச் சங்கம் என்ன செய்கிறது என்று. பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், கௌரவிப்பு என்றேன். யாரைக் கௌரவிப்பீர்கள்? யோசிக்காமல் பதில் வந்துவிட்டது: காசு தந்தவர்களை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான்தான் அதற்குப் பிறகு கோழியைத் தொடவில்லை.

சென்ற ஆடி மாத ஒன்றுகூடலில் 14 பொன்னாடை போர்த்தினோம். கடைக் கணக்கு என்னிடம் இருக்கிறது. 11 பேர் அனுசரணையாளர்கள், இரண்டு பேர் பேச வந்த பிரமுகர்கள், ஒருவர் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காலை 5 மணிக்குப் பூங்காவுக்கு வந்து அடுப்பு மூட்டிய ஏழு பேரில் ஒருவரும் மேடைக்கு வரவில்லை. வந்திருந்தால் கறி அடிப்பிடித்திருக்கும், அது வேறு. பிள்ளைகளின் கதை இன்னும் வேடிக்கை. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் வாங்க ஒவ்வொரு பிள்ளையும் 40 மணித்தியாலம் சமூக வேலை செய்து காட்ட வேண்டும். 1999இல் இருந்து அதுதான் விதி. நம் பிள்ளைகள் ஒன்றுகூடலில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து, சட்டி கழுவி, என்னிடம்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆறு மணித்தியாலம் எழுதிக் கொடுக்கிறேன். பக்கத்தில் நின்று அதே சட்டியைக் கழுவிய தாய்க்கு ஒரு நிமிடமும் எழுதியதில்லை.

இதை வெள்ளிக்கிழமை செயற்குழுவுக்கு எழுதியபோது, சுவிஸில் இருந்து என் மச்சான் ஒருவர் சூடாகப் பதில் போட்டார். சேவைக்கு மணித்தியாலக் கணக்குப் பார்ப்பது வெள்ளைக்காரன் புத்தி, நம் ஊரில் புண்ணியத்தை யாரும் எண்ணுவதில்லை என்று. மச்சான், நம் ஊரை மறந்துவிட்டீர்கள். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, கோயில் மரியாதையான காளாஞ்சி யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வைத்திருப்பவர்கள் நாங்கள். கோயில் நிர்வாகியான வண்ணக்கர் பெயர் கூப்பிடும் வரிசை ஓரிடத்தில் பிசகினால், அன்றைக்குச் சுவாமி வெளிவீதி வருவதே சந்தேகம். எண்ணத் தெரியாத ஊர் அல்ல அது. வேலை செய்தவர்களை மட்டும்தான் எண்ணுவதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கல்லடி, நாவலடி என்று, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரையைக் கடல் தின்றது. இடையில் வாவி கிடந்ததால் மேற்கே நம் படுவான்கரை தப்பியது. அன்று மாலையே நம் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டிச் சோற்றுப் பார்சல் கட்டி, அம்பிளாந்துறையில் பாதையில் ஏற்றிக் குருக்கள்மடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். (இங்கே பிறந்த பிள்ளைகளும் இந்த மடலை வாசிக்கிறார்கள் என்பதால்: பாதை என்றால் ரோட்டு அல்ல. ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறி வாவியைக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பில் அதுதான் பெயர்.) அடுத்த வருடம் நான் ஊருக்குப் போனபோது பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் அடுப்புக்கரியால் கீறிய கோடுகளைப் பார்த்தேன். பத்துப் பத்தாக, ஆள் உயரத்துக்கு, ஒரு யன்னலில் இருந்து மற்ற யன்னல் வரை. பெட்டிக்கடை மாமியின் வேலை. ஒரு கட்டுப் போனால் ஒரு கோடு. எத்தனை பேர் மாமி சமைத்தீர்கள் என்று கேட்டேன். “பார்சலைத்தான் தம்பி எண்ணினேன், ஆளை யார் எண்ணுவார்?” என்றார். மாமி போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தச் சுவருக்கும் வெள்ளை அடித்துவிட்டார்கள். வெள்ளைக்குக் காசு கொடுத்தது நம் சங்கம். ரசீது என்னிடம் இருக்கிறது.

சரி, இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தபாற்கார அண்ணனை எல்லாருக்கும் தெரியும். நம்மில் பலருக்கு வெளிநாட்டு விசா வந்த கடிதத்தைக் கொண்டுவந்து தந்தவர். 60 வயதில் இளைப்பாறி இப்போது 71. இளைப்பாறிய அடுத்த சனிக்கிழமையில் இருந்து வாசிகசாலை விறாந்தையில் மேசை போட்டு இருக்கிறார். மேசையின் ஒரு கால் கட்டை. அதற்குக் கீழே தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டை, ஓய்வூதியம், காணி விண்ணப்பம், எது வந்தாலும் எழுதிக் கொடுப்பார். ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும என்ற புதிய உதவித்திட்டம் வந்து, பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு எழுத வந்தபோது வரிசை வீதி வரை நின்றதாம். காசு வாங்க மாட்டார். தேத்தண்ணீர் குடிப்பார். அதைவிட ஒன்று, எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டாமல் யாரிடமும் பெருவிரல் அடையாளம் வாங்க மாட்டார். காது கேளாத ஆச்சிக்கு அவர் வாசித்துக் காட்டும் நாளில், அந்த வீட்டுப் பிரச்சினை வாசிகசாலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது ஒன்றுதான் அவர்மீது ஊரில் உள்ள முறைப்பாடு.

கம்பனிக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். சனிக்கு நாலு மணித்தியாலம், வருடத்தில் 50 சனி, 11 வருடம். மொத்தம் 2,200 மணித்தியாலம். 50க்கு 500 டொலர் என்றால் 22,000 டொலர். என் கண்ணாடிக் கட்டியைப் போல 44 கட்டி. வீட்டுக்கு ஒரு மதில் கட்டலாம்.

செவ்வாய் இரவு தொலைபேசி எடுத்து, அண்ணன், உங்களைச் சங்கம் கௌரவிக்க நினைக்கிறது என்றேன். பொன்னாடையை இந்த வெக்கைக்கு எங்கே போர்த்துக்கொண்டு போவது என்று கேட்டார். வேறு என்ன வேண்டும்? கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, போட்டோக்கொப்பி இயந்திரம் ஒன்று என்றார். படிவம் எழுதி என்ன பயன், ஒவ்வொன்றுக்கும் இணைக்க வேண்டிய பிரதி எடுக்கச் சனம் கொக்கட்டிச்சோலைக்குப் போய்வர அரை நாள் ஆகிறது, கூலிக்குப் போகிறவர்களுக்கு அது அரை நாள் சம்பளம் என்றார். மையையும் தாளையும் தான் பார்த்துக்கொள்வாராம். அதையும் சங்கத்தில் வாங்க வேண்டும், அவருடைய பென்சனில் கை வைக்க விடக்கூடாது.

கம்பனியின் 500 டொலர் உணவு வங்கிக்குப் போய்விட்டது, நம் பக்கம் வராது. என் கைக்காசு 500 டொலரை நேற்றே சங்கக் கணக்கில் போட்டுவிட்டேன். வருகிற ஒன்றுகூடலில் பொன்னாடை வாங்குவதில்லை, அந்தக் காசு இயந்திரத்துக்கு என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அனுசரணையாளர்கள் கோபிப்பார்கள் என்று செயலாளர் பயப்படுகிறார். கோபிக்கட்டும். அவர்களில் இரண்டு பேர் என் மைத்துனர்கள், எப்படியும் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

உங்களிடம் முதலில் காசு கேட்கவில்லை. இப்படி ஊரில் வேலை செய்கிறவர்கள் இன்னும் யார் யார், என்ன வேலை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், அவர்கள் கையில் எது இல்லாமல் அந்த வேலை இழுபடுகிறது என்று எழுதி அனுப்புங்கள். இளைப்பாறிய பிறகும் பிள்ளைத்தாய்ச்சி வீடுகளுக்கு நடந்து போகும் மருத்துவிச்சி அக்காவை எனக்குத் தெரியும். கதிர்காம யாத்திரைக் காலத்தில் தாகசாந்தி போடுகிற பொடியன்களில் நாலைந்து பேரைத் தெரியும். அதற்கு மேல் என் பட்டியல் போகவில்லை. 30 வருடம் முன்பு ஊரை விட்டவனுக்கு எப்படித் தெரியும்? தாய் தகப்பன் அங்கே இருக்கிறவர்கள் கேட்டு எழுதுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு முன் வந்தால் நல்லது. ஒருவர் பெயரை இரண்டு பேர் எழுதினால் பரவாயில்லை, ஆனால் சொந்தக்காரர் என்பதற்காக எழுத வேண்டாம். மணித்தியாலத்தைக் கேட்டு உறுதிசெய்யாமல் நான் ஏற்கமாட்டேன். கம்பனியில் படித்த பாடம்.

கடைசியாக, படத்தில் என் டை ஏன் முழங்கை நீளம்தான் இருக்கிறது என்று சூரிச்சில் இருந்து கேட்ட மருமகனுக்கு: அது பேரனின் பள்ளிக்கூட டை. என்னுடையதை 1996இல் உன் கலியாணத்துக்குக் கட்டினேன், நீ தான் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டு போனாய். தபாலில் அனுப்பு.

அன்புடன்,
பொருளாளர்
ஸ்காபரோ