புதுப்பிப்பு: பாலிமர் மூட்டை கட்டிதட்டிய கதை

கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பாலிஅக்ரிலமைடு (கழிவுநீரின் அழுக்கைத் திரளவைத்துப் பிரிக்க உதவும் பாலிமர்) தூள் மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டுகிறது, தரையும் வழுக்குகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பதில் எழுதிய அண்ணன்மார்களுக்கு நன்றி.

குற்றவாளி சரக்கு அல்ல, நாங்கள்தான். மூட்டைகளைச் சுவரை ஒட்டி வெறுந்தரையில் அடுக்கியிருந்தோம். ஐப்பசி மழையின் ஈரம் ஏறிவிட்டது. இப்போது மரப்பலகை மேல் ஏற்றிவிட்டோம். பிரித்த மூட்டையின் வாயை உடனே இறுக்கிக் கட்டுகிறோம்.

வழுக்கலுக்குக் காரணம் என் புத்திசாலித்தனம். சிந்திய தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். தரை முழுக்க விளக்கெண்ணெய் ஊற்றியதுபோல் ஆகி, நானே முதலில் விழுந்தேன். முழங்கை இன்னும் வலிக்கிறது. தூளை உலர்ந்தபடியே கூட்டி அள்ள வேண்டுமாம். நனைந்துவிட்டால் மணலோ மரத்தூளோ போட்டு வாரிய பிறகுதான் தண்ணீர். தூசி பறக்கும் என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் உண்டு.

கரைப்பது 1,000 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ தூள், அதாவது 0.1 சதவீதம். சுழலும் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவுகிறோம். மொத்தமாகக் கொட்டினால் ஜவ்வரிசிபோல் திரண்டுகொண்டு கரைய மறுக்கிறது. கரைசலை அன்றன்றைக்கே தீர்த்துவிடுகிறோம். பழைய கட்டிகள் தனி டிரம்மில் மூடிக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று சரக்கு கொடுத்தவரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.