மறுமொழி: ‘எஃபரன்ஸ் காப்பி’க்குத் தமிழில் என்ன?

வணக்கம் ஐயா,

மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையின் நகலைத்தான் ‘எஃபரன்ஸ் காப்பி’ என்கிறார்கள். அதற்கு நீங்கள் தந்த ‘வெளிச்செல் நகல்’ என்ற சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தேன். வினைத்தொகையாகப் படித்தால் ‘வெளியே செல்லும் நகல்’ என்று பொருள் வந்துவிடுகிறது. வெளியே போவது கட்டளை. நகல் மூளைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதன் வெளியோரத்தை இமைமேல் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சுவரில் தொங்கும் காலண்டர் நகரும். அதே கண்ணை நாமே திருப்பினால் காலண்டர் அப்படியே இருக்கும். விழித்திரையில் படம் நகர்வது இரண்டிலும்தான். ஆனால் கண் தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் பார்வைப் பகுதிகளுக்கும் போய்விடுவதால், மூளை அந்த அசைவைக் கழித்துக்கொள்கிறது. விரல் தள்ளும்போது கட்டளையும் இல்லை, நகலும் இல்லை. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான். அதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்று 1998இல் பிளேக்மோர், வோல்பர்ட், ஃப்ரித் மூவரின் ஆய்வு காட்டியது.

இதற்கே அக்கா சொன்ன ‘கட்டளைப்படி’யில், நகல் என்ற பொருள் தரும் ‘படி’ அருமையான பழஞ்சொல். ஆனால் ‘மூளையின் கட்டளைப்படி கை அசைகிறது’ என்று எழுதிப் பாருங்கள், நகல் காணாமல் போய்விடும்.

நான் முதலில் நினைத்தது ‘ஏவல் நகல்’. ஏவல் வினை என்ற இலக்கண வழக்கு துணைக்கு வருமே என்ற ஆசை. அப்புறம் மனச்சிதைவு பற்றிக் குடும்பத்தாருக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. தன் மனப்பேச்சே வேறு யாரோ பேசுவதுபோல் ஒருவருக்குக் கேட்பதற்கு, இந்த நகல் சரியாகச் சேராததையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அந்த வீடுகளில் ஏற்கெனவே ‘யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு இருக்கும். மருத்துவரிடம் போகாமல் மந்திரிக்கப் போய் மாதங்கள் கழிந்திருக்கும். அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் ஏவல் என்ற சொல்லை நான் அச்சடிக்க மாட்டேன்.

ஆகவே ‘ஆணை நகல்’. அலுவலகக் கடிதத்தில் பெறுநர் ஒருவர் இருப்பார். கீழே ‘நகல்:’ என்று போட்டு, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கும் ஒன்று போகும். தசை பெறுநர், சிறுமூளைக்கு நகல். 1950இல் ஆய்வாளர்கள் ஃபோன் ஹோல்ஸ்ட்டும் மிட்டல்ஷ்டேட்டும் ஜெர்மனில் வைத்த பெயரிலும் நகல் என்ற பொருள்தான் இருக்கிறது.

‘இதைச் செய்வது நான்தான்’ என்ற உணர்வுக்குத் ‘தன்வினை உணர்வு’ போதும் என்று நினைக்கிறேன். தன்வினை, பிறவினை பள்ளியிலேயே படித்தவை.

ஏறத்தாழ இதே கருத்துக்கு அதே 1950இல் ஸ்பெர்ரி என்ற ஆய்வாளர் வைத்த பெயர் ‘கோரலரி டிஸ்சார்ஜ்’. அதற்கு ‘உடன்செல் குறிகை’ (குறிகை என்றால் சிக்னல்) என்று வைத்திருக்கிறேன். ஆணையோடு உடன் செல்லும் குறிகை; வினைத்தொகை இங்கே சரியாக உட்காருகிறது. பார்த்துச் சொல்லுங்கள், ஐயா.