இறக்கத்தில் ஓடும் சிறுவர் வண்டி: முன்பக்கம் ஆடுது

கேள்வி: 18 மி.மீ. பிளைவுட், 12 இஞ்ச் சைக்கிள் சக்கரம் நாலு, முன்சக்கரங்களைத் தாங்கும் முன்கட்டை நடுவே அது திரும்ப ஒரே போல்ட், கயிறு ஸ்டியரிங். வேகமெடுத்தா முன்பக்கம் உதறுது. என்ன செய்யலாம்?

பதில் 1: போல்ட் போற மரத்துளை தேய்ஞ்சு முட்டை வடிவமாகியிருக்கும். துளைக்குள்ள இரும்பு புஷ் (போல்ட் சுத்துற சின்னக் குழாய்) அடிச்சு, 12 மி.மீ. போல்ட், ரெண்டு பக்கமும் அகல வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வெச்ச, லேசில் கழலாத நட்) போடுங்க. போல்ட்டின் மேல்முனையைப் பின்னோக்கி 10 டிகிரி சாய்ச்சா சக்கரம் தானா நேராகும்.

பதில் 2: சைக்கிள் அச்சு ரெண்டு பக்கமும் தாங்கத்தான் செஞ்சது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினா வளையும், அதுவும் உதறும். பேரிங் வெச்ச தள்ளுவண்டிச் சக்கரம் போடுங்க.

பதில் 3: முன்கட்டை 20 டிகிரிக்கு மேல திரும்பாதபடி தடுப்புக்கட்டை அவசியம், இல்லேன்னா கவிழும். பிரேக் ரெண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து. ஒண்ணுல மட்டும்னா வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.